படுக்கைக்கு மானியம் உண்டு, அட்வான்ஸுக்கு இல்லை

50 பேர் தங்கும் ஒரு வீடற்றோர் காப்பகத்தை ஓராண்டு நடத்துவதற்கு, நகர்ப்புற ஏழைகளுக்காக மத்திய அரசு 2024 செப்டம்பர் வரை நடத்திய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறைகள் வைத்த தொகை 6 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 50 ஆயிரம். தலைக்கு ஆயிரம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம்.

காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைதான். அப்படியானால் எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மூன்று பராமரிப்பாளர்கள், அவர்களுக்கு மேல் ஒரு மேலாளர். நாலு பேருக்கும் தலா 10 ஆயிரம் கொடுத்தாலே 40 ஆயிரம் போய்விடும். அந்தச் சம்பளத்துக்குச் சென்னையில் யார் இராத்திரி ஷிப்ட் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். மிச்சமிருக்கும் 10 ஆயிரத்தில் கரண்ட் பில், தண்ணீர், பினாயில், பாய், போர்வைச் சலவை, கொசுவர்த்தி, காய்ச்சலில் கிடப்பவரை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் முடிய வேண்டும். மூன்று வேளைச் சோற்றுக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. நடத்துகிற தொண்டு நிறுவனம் பிறந்தநாள், நினைவுநாள் என்று அன்னதானம் செய்பவர்களைத் தேடிப் போய்த்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும்.

வீடற்றவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம், எத்தனை காப்பகம், எத்தனை படுக்கை என்ற எண்ணிக்கையோடு அது நின்றுவிடுகிறது. பணம் எந்தச் செலவுத் தலைப்பில் வருகிறது, எந்தத் தலைப்பில் வருவதே இல்லை என்று பார்த்தால்தான் ஒரு விஷயம் புரியும். ஒரு குடும்பம் தெருவுக்கு வருவதைத் தடுக்கவும், வந்த குடும்பம் மறுபடி ஒரு வாடகை வீட்டுக்குள் போகவும் இந்த மானியத்தில் ஒரு ரூபாய்கூட எழுதப்படவில்லை.

இந்த மானியம் பிறந்த கதை நீதிமன்றத்தில் தொடங்குகிறது. 2009 டிசம்பரில், டெல்லி பூசா சாலை ரவுண்டானா அருகே வீடற்றவர்கள் தங்கியிருந்த தற்காலிகக் காப்பகத்தை அந்த நகர மாநகராட்சி அகற்றியது. உச்சக் குளிர்காலம். அப்போது உச்ச நீதிமன்றத்தில் உணவுரிமை வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் நீதிமன்றத்தின் ஆணையர்களாக இருந்த என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் இதை நீதிபதிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். உணவு வழக்கில் காப்பகம் எப்படி வந்தது என்று கேட்கலாம். அரைவயிற்றோடு படுப்பவரின் உடம்பு குளிரைத் தாங்காது, அவ்வளவுதான். 2010 ஜனவரியில் டெல்லிக்கு உத்தரவு வந்தது. அதே ஆண்டில் அது மற்ற மாநிலங்களின் பெருநகரங்களுக்கும் விரிந்தது: 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில், லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், பகலிலும் இரவிலும் திறந்திருக்க வேண்டும்.

சென்னைக்கு டெல்லிக் குளிர் கிடையாது. இங்கே மழை, சித்திரை வெயில், நள்ளிரவில் நடைபாதை மேல் ஏறும் வண்டி, பெண்களுக்கு எந்நேரமும் இருக்கும் பயம். காரணம் வேறு, தேவை ஒன்றுதான்.

2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது, நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் அதன் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. நீதிமன்றம் சொன்ன அளவுகோல் திட்டத்தின் அளவுகோலாகவே ஆனது. லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேருக்கான இடம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ரயில் நிலையம், பேருந்து நிலையம், மொத்தச் சந்தை போன்ற இடங்களை ஒட்டி. காகிதத்தில் நல்ல விதிமுறைகள்தான். அடையாள அட்டை, ரேஷன், வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, அங்கன்வாடி இவற்றோடெல்லாம் தங்குபவரை இணைக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் யார் என்று பார்த்தால், அந்த 10 ஆயிரம் ரூபாய்ப் பராமரிப்பாளரேதான்.

பணம் வரும் வழியைக் கொஞ்சம் பார்ப்போம். கட்டுமானத்துக்கு முதலில் மத்திய அரசு 75, மாநிலம் 25 என்று பங்கு இருந்தது. பிறகு 60க்கு 40 ஆனது. நிலம் மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு மானியம் இல்லை. பணம் மாநில இயக்கத்துக்கு வரும், அங்கிருந்து மாநகராட்சிக்கு அல்லது நகராட்சிக்கு, அங்கிருந்து காப்பகத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் சங்கிலியில் எங்கே தாமதம் ஆனாலும் அதன் வலி கடைசிக் கண்ணியில்தான் விழுகிறது. கட்டடம் மூன்று மாதம் தள்ளிப்போனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. பராமரிப்பாளருக்கு மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். இராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டுக் கத்துகிறவரை எப்படிப் பேசி உட்கார வைப்பது என்று தெரிந்த ஆள் அவர். புதிதாக வருகிறவர் அதை முதலிலிருந்து கற்க வேண்டும்.

இன்னொன்று, நடத்தும் செலவுக்கான மானியம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் இருந்தது. அதற்கு மேல் மாநிலமோ உள்ளாட்சியோ தன் பணத்தில் நடத்த வேண்டும். சொத்துவரி நன்றாக வரும் மாநகராட்சிக்கு இது முடியும். சம்பளம் போடவே திணறும் சிறு நகராட்சிக்கு முடியாது. கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள்.

பணம் இல்லாததே எப்போதும் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 2016 நவம்பரில், ஈ.ஆர். குமார் என்பவர் தொடுத்த வழக்கில், நிதி இருந்தும் திட்டம் தெளிவாக இருந்தும் காப்பகங்கள் போதுமான அளவு வரவில்லை என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மாநிலம் மாநிலமாக நேரில் பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களுக்காகத் தீட்டும் திட்டங்களுக்குப் பின்னால் ஒரு கவுன்சிலரோ எம்எல்ஏவோ நின்று துரத்துவார். நடைபாதையில் இருப்பவருக்காக யார் துரத்துவது? நீதிமன்றம்தான் திரும்பத் திரும்பத் துரத்தியிருக்கிறது.

அப்புறம் எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 17.7 லட்சம் வீடற்றவர்களைக் கண்டது. அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். 2001-ஐ விட மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தது, ஆனால் நகரங்களில் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. சென்னையில் மட்டும் 16 ஆயிரத்துக்கும் மேல். இதெல்லாம் பிப்ரவரி மாதத்து ஓர் இரவில் எண்ணியது. மூடிய கடை வாசலில், பாலத்துக்கு அடியில், கோயில் மண்டபத்தில், மருத்துவமனை வராந்தாவில் படுத்திருப்பவர்களை ஓரிரவில் எண்ணி முடிக்க முடியும் என்று களத்தில் வேலை செய்யும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டதால், இன்றைக்கும் அந்த 2011 எண்ணைத்தான் எல்லோரும் கையில் வைத்திருக்கிறோம்.

சரி, வீடற்றவர் எண்ணிக்கையை வைத்தா மானியம் கணக்கிடப்பட்டது? இல்லை, ஊரின் மொத்த மக்கள்தொகையை வைத்து. இது பெருநகரங்களுக்குத் தோராயமாகப் பொருந்தும். ராமேஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் அந்த ஊரின் மக்கள்தொகை அரை லட்சத்துக்கும் குறைவு. ஆனால் கோயிலை நம்பி, அன்னதானத்தை நம்பி, பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன முதியவர்களும் சேர்ந்து அங்கே தெருவில் வாழ்பவர்கள் எத்தனையோ பேர். திருவண்ணாமலை கிரிவலப் பாதையும் அப்படித்தான். லட்சத்துக்கு 100 என்ற அளவுகோல் இந்த ஊர்களைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

தமிழ்நாடு சில விஷயங்களை மற்ற மாநிலங்களைவிட நன்றாகச் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லோரையும் ஒரே கூடத்தில் போட்டு அடைக்காமல், பெண்கள், முதியோர், சிறார், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் என்று தனித்தனியாகக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்துகிறது. பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்தவர்கள் தங்கக் காப்பகங்கள் வந்தது மிக நல்ல காரியம். விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ அம்மாவைப் புற்றுநோய் வார்டில் சேர்த்துவிட்டு, மரத்தடியில் செய்தித்தாளை விரித்துப் படுக்கும் மகளும் அன்றைக்கு வீடற்றவர்தான் என்று ஒரு நிர்வாகம் புரிந்துகொண்டதன் அடையாளம் அது.

ஆனாலும் பாரிமுனைப் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்களைக் காப்பகத்துக்கு வாருங்கள் என்றால் வர மாட்டார்கள். இதைப் பிடிவாதம் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். அப்பா ஆண்கள் காப்பகத்துக்கு, அம்மாவும் சின்னப் பெண்ணும் பெண்கள் காப்பகத்துக்கு, 14 வயதுப் பையன் இன்னொரு இடத்துக்கு. அடுப்பு, பாத்திரம், தள்ளுவண்டி, மூட்டை இவற்றை யார் பார்ப்பது? விடியற்காலையில் சந்தையில் லோடு இறக்கப் போகிறவருக்குக் காப்பகத்தின் நேரம் ஒத்துவருமா? அவர்களுக்குத் தேவை படுக்கை அல்ல. பூட்டுப் போட ஒரு கதவுள்ள அறை, அதுவும் அதே பகுதியில்.

மீட்பு என்ற பெயரில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகுமோ என்ற பயமும் இருக்கிறது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் 1945-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. டெல்லியில் இத்தகைய சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018-ல் அந்த உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஒரு துறை காப்பகத்துக்குக் கூப்பிடும்போது இன்னொரு துறை பிடித்துக்கொண்டு போகலாம் என்ற நிலையில், யாரை நம்பி வண்டியில் ஏறுவது?

இப்போது தடுப்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஒரு தொலைபேசி மையம் இருந்தது. வேலை போனவர்கள், உடம்பு முடியாமல் வாடகை கட்ட முடியாதவர்கள், இன்னும் சில நாளில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர்கள் அதற்குப் போன் செய்வார்கள். கையில் நிதி இருக்கும் நாளில் அழைத்தவருக்கு ஒரு தடவைக்கான சிறு தொகை கிடைக்கும். நிதி தீர்ந்த நாளில் அழைத்தவருக்குக் கிடைக்காது. அழைத்தவர்களின் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அழைத்த நாள்தான் வேறு. ஆய்வாளர்கள் மூன்று பேர் இந்த இரண்டு தரப்பையும் பின்தொடர்ந்து, 2016-ல் சயின்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைவாக இருந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பணம் கிடைக்காதவர்களிலும் மிகச் சிலரே காப்பகம் வரை போனார்கள். மற்றவர்கள் உறவினர் வீடு, நண்பர் வீடு, கடன் என்று எப்படியோ சமாளித்தார்கள். ஆகவே யாருக்குக் கொடுத்தால் உண்மையிலேயே ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் தப்பும் என்று கண்டுபிடிப்பதுதான் தடுப்பு வேலையின் கடினமான பகுதி. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தால் பணம் கரைந்துவிடும். மிகக் கடுமையாக வடிகட்டினால், சான்றிதழ் தேடி அலைவதற்குள் குடும்பம் சாமானோடு வெளியே நிற்கும்.

அமெரிக்க மத்திய அரசு 1987-லேயே மெக்கின்னி சட்டத்தின் மூலம் காப்பகங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2009-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது முக்கியமான ஒரு கட்டுப்பாடு வந்தது. அவசரகால மானியத்தைப் பெறும் மாநிலமோ நகரமோ, காப்பகத்துக்கும் தெருவில் போய் உதவுவதற்கும் சேர்த்துப் பொதுவாக 60 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது. மீதி, வீடு இழக்கும் நிலையில் இருப்பவரைக் காப்பாற்றவும், இழந்தவரைச் சீக்கிரம் வாடகை வீட்டில் அமர்த்தவும் போக வேண்டும். ஆறு மாதம் வரை வாடகை பாக்கியைக் கட்டலாம். இரண்டு மாத வாடகை அளவுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். மானியத்துக்குச் சமமான தொகையை உள்ளூரிலும் திரட்டிக் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், இன்னும் 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறார் என்று தெரிந்தாலே உள்ளாட்சி மன்றம் உதவத் தொடங்க வேண்டும் என்று கடமையாக்கியது.

அந்த நாடுகள் பிரச்சினையைத் தீர்த்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்கா ஓரிரவில் எண்ணிய வீடற்றவர்கள் 7.7 லட்சத்துக்கும் மேல், அதுவரை பதிவான எண்ணிக்கைகளிலேயே அதிகம். வாடகை ஏறிக்கொண்டே போகும்போது ஒரு சின்ன மானியம் அணை போட முடியாது. ஆனால் செலவுத் தலைப்பு என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். தலைப்பு இருந்தால்தான் ஓர் அலுவலர் கையெழுத்துப் போட முடியும்.

சென்னையில் ஒரு குடும்பம் எப்படித் தெருவுக்கு வருகிறது என்று யோசித்தால் வழிகள் தெரிந்தவைதான். ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டு, நகர விளிம்பில் இருக்கும் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பப்படுகிறார்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் நகருக்குள்ளேயே இருப்பதால் சிலர் திரும்பி வந்து நடைபாதையில் படுக்கிறார்கள். குடும்பத்தில் சம்பாதித்தவர் இறந்து வாடகை நின்றுபோகிறது. குடிக்கிற கணவனின் அடியிலிருந்து தப்பிக் குழந்தையோடு வெளியேறுகிறாள் ஒருத்தி. மனநல மருத்துவமனையில் குணமானவரை அழைத்துப் போக வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை.

இவற்றில் பாதிக்குமேல் ஒரு வாடகை அறை கிடைத்தால் தீரக்கூடியவை. அந்த அறையின் வாசலில் நிற்கும் தடை அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. நடப்பில் சென்னையில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாய்ப்பேச்சில் வீடு எடுக்கும் ஏழைக் குடித்தனக்காரருக்கு அந்தச் சட்டம் கையில் எட்டுவதே இல்லை.

5 ஆயிரம் ரூபாய் வாடகையில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அட்வான்ஸ் 15 ஆயிரம். நாலு பேர் குடும்பத்தை ஓராண்டு காப்பகத்தில் வைத்திருக்க, மானியத்தின் சொந்தக் கணக்குப்படியே 48 ஆயிரம் ஆகிறது, சோறு இல்லாமல், கட்டடச் செலவு இல்லாமல். அட்வான்ஸோடு ஆறு மாத வாடகையையும் கொடுத்தால்கூட 45 ஆயிரம்தான். அதில் 15 ஆயிரம் வீட்டுக்காரரிடம் பத்திரமாக இருக்கும், காலி செய்யும்போது திரும்ப வரும். அந்த ஆறு மாதத்தில் பிள்ளை ஒரே பள்ளியில் இருக்கும், அம்மா வேலைக்குப் போகும்போது பாத்திரத்தைப் பூட்டி வைக்க முடியும். இருந்தும் இன்று ஒரு காப்பக மேலாளர், "சார், இந்தக் குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தால் நாளைக்கே போய்விடுவார்கள்" என்று மாநகராட்சியில் போய்ச் சொன்னால், அதற்குத் தலைப்பு இல்லை என்பதுதான் பதிலாக இருக்க முடியும்.

வாடகை வீடு மூலம் மீட்பது இங்கே நடக்காத காரியமும் அல்ல. 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் மனநலம் பாதித்து அலைந்த பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்து வருகிறது. வீட்டுக்குத் திரும்ப வழியில்லாதவர்கள் சிலராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில், உதவியாளர் துணையோடு வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். பல ஆண்டு நிறுவனத்துக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் இவர்கள். அவர்களாலேயே முடியும்போது, கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு குடும்பத்தால் முடியாதா?

முகவரி இல்லாமைதான் இன்னொரு பூட்டு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு இன்னும் 200 ரூபாய்தான், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதே தொகை. மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம். இவை இரண்டும் தவறாமல் வந்தால் ஒரு பாட்டியும் மகளும் சின்ன அறைக்குப் பாதி வாடகை கட்டலாம். ஆனால் உரிமைத்தொகைக்கு ரேஷன் கார்டு வேண்டும், ரேஷன் கார்டுக்கு முகவரி வேண்டும். தேர்தல் ஆணையம் இதை எப்போதோ கடந்துவிட்டது. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் முகவரிச் சான்று தேவையில்லை. அதே நடைமுறையை ரேஷன் கார்டுக்கும் உதவித்தொகைக்கும் கொண்டுவரப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அடுத்து வரும் எந்த ஏற்பாட்டிலும் காப்பகம் இருக்கத்தான் வேண்டும். இன்றிரவு மழையில் நிற்பவருக்கு ஆறு மாத வாடகைத் திட்டம் பயன்படாது. தலைக்கு மாதம் ஆயிரம் என்ற கணக்கைக் குறைந்தபட்சக் கூலியையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் வைத்துத் திருத்த வேண்டும். குடும்பமாகத் தங்க அறைகள் வேண்டும். கோயில் நகரங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். இவற்றோடு, மொத்த ஒதுக்கீட்டில் ஒரு பங்கை அட்வான்ஸ், வாடகை பாக்கி, முதல் சில மாத வாடகை என்ற தலைப்புகளில் தனியாக எழுதி, அதைக் காப்பக மேலாளரின் பரிந்துரையில் ஒரு வாரத்துக்குள் மாநகராட்சி மண்டல அலுவலகமே கொடுக்கும்படி வைக்க வேண்டும். இதை மாநில அரசு தன் பணத்தில் சென்னையின் ஒரு மண்டலத்தில் நாளைக்கே தொடங்கிப் பார்க்கலாம். ராயபுரம் மண்டலத்தில் தொடங்கினால் நல்லது, பாரிமுனையின் நடைபாதைக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.